தாங்ராவில் ஒரு மத்தியானச் சாப்பாடு



நான் காசிக்குப் போய் வந்து இருபது நாளாகிறது. "டீச்சர், கங்கைக்கரைப் படமெல்லாம் எங்கே?" என்று 1994 செட் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படங்கள் வரும். அதற்கு முன்னால் ஒரு சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பீரியடு முழுக்க என் எதிரே உட்கார்ந்து பழகியவர்கள்தானே, இன்னொரு பீரியடு உட்காருங்கள்.

போனது நாங்கள் நான்கு பேர். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் ஒரே விடுதி அறையில் ஒரே மண்பானைத் தண்ணீர் குடித்தவர்கள். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்கள், அதனால் ஊரைச் சொல்கிறேன்: திண்டுக்கல்காரி, தூத்துக்குடிக்காரி, தென்காசிக்காரி, நான். மூன்று பேர் புண்ணியம் தேடிப் போனோம். தூத்துக்குடிக்காரி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "உங்க பாவத்தைக் கரைக்க நீங்க போங்க, உங்களுக்குத் துணைக்கு நான் வாரேன்" என்று வந்தாள்.

கயாவுக்குப் போனால் பிடித்த ஒரு காயும் ஒரு பழமும் இனித் தொடுவதில்லை என்று விட்டுவிட்டு வர வேண்டும். நான் பலாப்பழத்தை விட்டேன். மனசு வலித்தது. திண்டுக்கல்காரி பாகற்காயை விட்டாள். அவள் அதைப் பிறந்ததிலிருந்தே தொட்டது கிடையாது. தென்காசிக்காரி ஒன்றும் யோசிக்காமல் காலிஃபிளவரை விட்டாள். இந்தக் காலிஃபிளவர் பின்னால் வரும்.

கயாவிலிருந்து கொல்கத்தா. அங்கே திண்டுக்கல்காரியின் மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். எங்களைக் காளிகாட் கூட்டிப்போய்விட்டு, "அத்தை, பத்து நாளாப் பூரியும் உருளைக்கிழங்கும்தானே சாப்பிட்டீங்க, இன்னிக்குச் சீனாச் சாப்பாடு சாப்பிடலாம். நம்ம ஊருல கிடைக்கிற ஃபிரைட் ரைஸுக்கெல்லாம் தாய்வீடு இங்கதான் இருக்கு" என்றான். தென்காசிக்காரி சுத்த சைவம். "தவளையக் கிவளையப் போட்டுருவான், நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கிடுதேன்" என்று முரண்டு பிடித்தாள். கொல்கத்தாவில் தயிர்சாதத்துக்கு எங்கே போவது? கூட்டிக்கொண்டு போய்விட்டோம்.

அந்த இடத்தின் பெயர் தாங்ரா. நகரத்தின் கிழக்கு ஓரம். காரை விட்டு இறங்கியதும் ஹோட்டல் தெரு மாதிரியே தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே எழும்பிய மதில்கள், பெரிய இரும்புக் கதவுகள், குறுகல் சந்துகள், ஓரத்தில் சாக்கடை. கதவுகளின் மேல் சீன எழுத்துகள். நடுநடுவே திடீரென்று சிவப்பு விளக்குக் கூடு தொங்கவிட்ட ஹோட்டல்கள். திண்டுக்கல்காரி நின்றுவிட்டாள்.

"ஏய், இது தோல் ஷாப்புடீ!"

அவள் வளர்ந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தன. எந்த ஊராக இருந்தாலும் அந்த மதிலும் கதவும் அவளுக்கு அடையாளம் தெரியும். அவள் சொன்னது சரிதான். தாங்ரா முழுவதும் ஒரு காலத்தில் தோல் ஷாப்புகள். அவற்றை நடத்தியவர்கள் சீனர்கள்.

அவர்கள் அங்கே வந்த கதையைச் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, டாங் அச்சியூ என்ற சீன வணிகர் கல்கத்தாவுக்குத் தெற்கே பஜ்பஜ் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் வாங்கிச் சர்க்கரை ஆலை வைத்தார். வேலைக்குச் சீனாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். 1783 வாக்கில் அவர் இறந்துபோனார், ஆலையும் நிலைக்கவில்லை. ஆனால் அந்த ஊருக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்: அச்சிப்பூர். சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே உள்ள கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். நமக்குக் குலதெய்வக் கோயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்தவர்கள் ஊருக்கு ஒரு தொழிலாகப் பிரிந்துகொண்டார்கள். கான்டன் பக்கத்து ஆட்கள் தச்சுவேலை. கப்பல் துறையிலும் வெள்ளைக்காரன் வீட்டு மேசை நாற்காலியிலும் அவர்கள் கை பட்டது. ஹூபே மாகாணத்து ஆட்கள் பல் கட்டுவது. சென்னையில்கூடப் பல் வைத்தியம் பார்த்த சீனக் குடும்பங்கள் உண்டு, உங்களில் சிலருடைய தாத்தாக்கள் அவர்களிடம் வாயைத் திறந்திருப்பார்கள். ஹக்கா என்ற இனத்தார் செருப்புத் தைத்தார்கள், அதற்கு வேண்டிய தோலையும் தாங்களே பதனிட்டார்கள். செத்த மாட்டின் தோலைத் தொடுவதைத் தீட்டு என்று நம்முடைய சாதிமான்கள் ஒதுக்கி வைத்திருந்ததால், அந்த வேலை வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தடையில்லாமல் கிடைத்தது. தாங்ராச் சதுப்பு நிலத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஆரம்பித்த தோல் ஷாப்புகள் பெருகிப் பெருகி நூற்றுக்கணக்கில் ஆயின.

ஹக்கா என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு நூடுல்ஸ் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். 'ஹக்கா நூடுல்ஸ்' என்று மெனுவில் பார்க்கும்போதெல்லாம் அது ஏதோ சமையல் முறை என்று நினைத்திருந்தேன். அது மனிதர்களின் பெயர். 'விருந்தாளிக் குடும்பம்' என்று பொருளாம். சீனாவின் வடக்கிலிருந்து தெற்கே போய்க் குடியேறியவர்களை, அங்கே முன்பே இருந்தவர்கள் அப்படி அழைத்த பெயர் நிலைத்துவிட்டது. சொந்த நாட்டிலேயே விருந்தாளி என்று பெயர் வாங்கியவர்கள் நம் நாட்டுக்கும் வந்தார்கள்.

தோல் ஷாப்புகள் ஹோட்டல்களான கதை அண்மையில் நடந்தது. கங்கையில் சாயத் தண்ணீர் கலக்கிறது என்ற வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தோல் ஷாப்புகளை நகரத்தை விட்டு வெளியேறச் சொன்னது. நம் வேலூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பும் அதே ஆண்டுதான். சிலர் புதிய இடமான பான்தலாவுக்குப் போனார்கள், சிலர் தொழிலை விட்டார்கள், பலர் கனடாவுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களில் பலர் ஷாப்பைக் கழுவி, மேசை போட்டு, அடுப்பு மூட்டினார்கள். நாங்கள் போன ஹோட்டலின் கூடமும் அப்படி இருந்ததுதான். கூரை அவ்வளவு உயரம். "இங்கதான் தோல் தொங்கியிருக்கும்" என்று திண்டுக்கல்காரி மேலே காட்டினாள். "சாப்பிடுத இடத்துல வாயை மூடுட்டீ" என்றாள் தூத்துக்குடிக்காரி.

இப்போது சாப்பாடு. சிக்கன் சாப்பிடுகிற மூன்று பேருக்குச் சில்லி சிக்கன், எல்லாருக்கும் சூப், ஹக்கா நூடுல்ஸ். தென்காசிக்காரிக்கு என்ன? பையன் உதவி செய்வதாக நினைத்து, "கோபி மஞ்சூரியன் சொல்லட்டா அத்தை?" என்றான். அவளுக்கு முகம் மலர்ந்தது. அவள் பேரன் கோயில்பட்டியில் வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிட்ட ஒரே சீனப் பலகாரம் அதுதான். அப்புறம்தான் திண்டுக்கல்காரி மெல்லக் கேட்டாள், "கோபின்னா என்னடி?"

காலிஃபிளவர். மூன்று நாளுக்கு முன்னால் கயாவில் விட்டது.

அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் முட்டைக்கோஸ், கேரட் உருண்டை போட்டுக் காய்கறி மஞ்சூரியன் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, "கோபியும் இதும் ஒரே ருசிதாம்ட்டீ, குழம்புலதான் விஷயமே இருக்கு" என்றாள். அவள் சொன்னது வரலாற்றுப்படியே சரி.

மஞ்சூரியா சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற பகுதி. உலக வரைபடத்தில் உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். அங்கே போய் மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் தெரியாது. அது பிறந்தது பம்பாயில். கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975-ல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்தார். புதிதாக ஏதாவது செய்து கொடு என்று கேட்ட வாடிக்கையாளருக்காக, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கினார். அது நம் மசாலாவின் தொடக்கம்தான். அடுத்து கரம் மசாலாவைப் போடுகிற இடத்தில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவில் புரட்டிப் பொரித்த கோழித் துண்டுகளை அதில் போட்டார். அவ்வளவுதான் மஞ்சூரியன். கோழி இருந்த இடத்தில் பின்னால் காலிஃபிளவர் வந்தது. இன்றைக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் சிவப்பாகக் கிடைப்பது அதன் பேரப்பிள்ளை. சிவப்புப் பொடியைப் பார்த்து வாங்கிச் சாப்பிடுங்கள், அதை மட்டும் டீச்சராகச் சொல்லிவைக்கிறேன்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய அடுப்பு, ஆள் உயரத்துக்கு எழும்புகிற தீ, அதன் மேல் குழிவான இரும்புச் சட்டி. நம் வீட்டில் அதற்கு என்ன பெயர்? என் அம்மா வாயில் கடாய் என்ற சொல் வந்ததே இல்லை. சீனச்சட்டி. அப்பளம் பொரிப்பதும் சீனச்சட்டிதான், பலகாரம் சுடுவதும் சீனச்சட்டிதான். காப்பிக்குப் போடுவது சீனி. கார்த்திகைக்குக் கொளுத்துவது சீனவெடி. சவரம் செய்தபின் அப்பா கன்னத்தில் தேய்த்துக்கொண்ட படிகாரத்துக்குச் சீனக்காரம் என்றும் பெயர் உண்டு. அறுபது வருடமாக இந்தச் சொற்களை வாயில் வைத்திருந்தவள், ஒரு சீனரோடு முதல்முதலாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா. எழுபதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, பருத்திச் சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், கண்ணாடிக்குச் சங்கிலி. எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். காலிஃபிளவர் கதையைப் பையன் இந்தியில் சொல்ல, அவரும் சிரித்தார். அந்தப் பக்கத்திலேயே சீனர்கள் கும்பிடுகிற ஒரு காளி கோயில் இருக்கிறதாம், அங்கே நூடுல்ஸ்தான் பிரசாதம், அதில் காலிஃபிளவர் போடுவதில்லை, நீங்கள் தைரியமாகச் சாப்பிடலாம் என்றார். தென்காசிக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தூத்துக்குடிக்காரிக்கு எதையும் நேராகக் கேட்டுத்தான் பழக்கம். "நீங்க சீனாவுல இருந்து எந்த வருஷம் வந்தீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அந்த அம்மா, "நான் இங்கே பிறந்தேன். என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். நீங்கள் கல்கத்தாவுக்கு எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"முந்தா நாள்."

"அப்படியானால் வெளியூர்க்காரர் நீங்கள்தான்" என்று சொல்லித் தோளில் தட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி, தென்காசி எல்லாம் அவருக்குத் தெரியவில்லை. பையன், "மெட்ராஸ்" என்று பொதுவாகச் சொன்னான். வடக்கே நாம் எல்லாருமே மெட்ராஸ்தானே.

மெட்ராஸ் என்றதும் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெட்ராஸ் துறைமுகம் உங்கள் வீட்டுக்குப் பக்கமா?" என்றார்.

எதற்குக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பையன் கேட்டுச் சொன்னான். அவருக்கு ஒரு அக்கா. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் நடுவே இருக்கிற மாக்கும் என்ற ஊரில், சீனத் தச்சர் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். 1962 நவம்பரில் போலீஸ் வந்து அந்தத் தெருவிலிருந்த எல்லாரையும் கூட்டிப் போனது. 1963-ல் அக்காவும் மாமாவும் மெட்ராஸில் கப்பல் ஏற்றப்பட்டார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் எழுதிய ஒரு கார்டு வந்தது. அதில் மெட்ராஸ் முத்திரை. இவருக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கப்புறம் இருபது வருடம் ஒரு தகவலும் இல்லை. பிறகு சில கடிதங்கள், கொஞ்ச நாள் போன். சில வருடங்களுக்கு முன்னால் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பார்க்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். சூப் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளே, உங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 1962-ஐ நடத்தியவள் நான். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல். கரும்பலகையில் இமயமலையை வளைத்துப் போட்டு, மக்மகான் கோட்டைச் சிவப்புச் சாக்பீஸில் இழுப்பேன். அக்டோபர் 20 சீனா தாக்கியது, நவம்பர் 21 போர் நிறுத்தம். இரண்டு மதிப்பெண் கேள்வி. கேட்டால் இன்றைக்கும் நீங்கள் ஒப்பிப்பீர்கள். இந்தக் கப்பலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

ஊருக்கு வந்ததும் படிக்க உட்கார்ந்தேன். பேரன் இணையத்தில் தேடிக் கொடுத்தான். ஜாய் மா, திலீப் டி'சோசா இருவரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஒரு ஆங்கிலப் புத்தகம் இதைப் பற்றியே இருக்கிறது. மாக்கும் ஊரைப் பற்றி ரீட்டா சௌத்ரி அசாமிய மொழியில் ஒரு நாவலே எழுதியிருக்கிறார். படித்ததில் உறுதியானதை மட்டும் சொல்கிறேன்.

1962 அக்டோபர் 26-ம் தேதி நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போதும் அதை ஒட்டியும் வந்த சட்டங்கள், ஆணைகளின்படி, பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ சீனக் குடிமக்களாக இருந்திருந்தாலே அவர் சீன வம்சாவளி. அயல்நாட்டவராகப் பார்க்கலாம், ஊரை விட்டு நகரக் கூடாது என்று சொல்லலாம், விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம். இங்கே பிறந்தவர், இங்கே ஓட்டுப் போட்டவர் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அசாம், ஷில்லாங், டார்ஜிலிங், கல்கத்தா என்று பல இடங்களிலிருந்தும் சுமார் மூவாயிரம் பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்து முகாமுக்கு அனுப்பினார்கள். கிழவர், கைக்குழந்தை, கர்ப்பிணி எல்லாரும். அசாமிலிருந்து ஏழு நாள் ரயில் பயணம். சண்டை ஒரே மாதத்தில் நின்றது. முகாம் நிற்கவில்லை, கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 1967-ல். அந்தப் புத்தகத்தை எழுதிய ஜாய் மா பிறந்ததே அந்த முகாமில்தான்.

தேவ்லி நமக்கு வேறு ஒரு விதத்தில் தெரிந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்த முகாம் அது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1941-ல் அங்கே இருந்துதான் உண்ணாவிரதம் இருந்தார். அதே கம்பிவேலிக்குள் நாம் தேயிலைத் தோட்டத்துத் தச்சனையும் அவன் பெண்டாட்டியையும் வைத்தோம்.

1963-ல் சீன அரசு கப்பல்களை அனுப்பியது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் மூன்று நடை. முகாமிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். எல்லாரும் ஏறியது நம் சென்னைத் துறைமுகத்தில். விரும்பிப் போனவர்களும் உண்டு, முகாமை விட்டு எங்கேயாவது போனால் போதும் என்று போனவர்களும் உண்டு. பலருக்குச் சீனா என்பது தாத்தா சொன்ன கதை. அந்த மண்ணைப் பார்த்தது கிடையாது. போன இடத்தில் தென்சீனாவின் அரசுப் பண்ணைகளில் பலரைக் குடிவைத்தார்கள். சில ஆண்டுகளில் கலாசாரப் புரட்சி வந்தது. அங்கே அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த சந்தேகப் பேர்வழிகள்.

இங்கே தங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. மாக்கும் ஊரில் வீடு, கடைகளை எதிரிச் சொத்து என்று ஏலம் போட்டுவிட்டார்கள். கல்கத்தாவில் முகாமுக்குப் போகாதவர்களும் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊர் தாண்ட அனுமதி வாங்க வேண்டும். அந்த அம்மாவின் அப்பாவும் அப்படிப் போனவர்தானாம். பையன் காரில் வரும்போது சொன்னான். பலருக்குக் குடியுரிமை கிடைத்தது 1990-களின் கடைசியில்தான். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் இருந்த கல்கத்தாச் சீனர் கூட்டம் இன்றைக்கு இரண்டு, மூன்றாயிரமாகச் சுருங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கடைசிக் குடும்பம் தேவ்லியை விட்டு வெளியே வந்து எட்டு வருடத்தில் பம்பாயில் மஞ்சூரியன் பிறந்துவிட்டது. ஆளை அனுப்பிவிட்டோம், குழம்பை வைத்துக்கொண்டோம்.

நான் ஒருதலையாகப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றும். என் அண்ணன் மகன் ராணுவத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1962-ல் பனியில் சரியான சட்டையும் துப்பாக்கியும் இல்லாமல் நின்று செத்தவர்கள் நம் பிள்ளைகள். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கு அப்போது நான்கு வயது. தேசியப் பாதுகாப்பு நிதிக்கு ஊரில் வசூல் வந்தபோது என் அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு இரண்டு வருடம் இருந்தாள், சாகும்வரை அதைப் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையில் நான் ஒரு குன்றிமணிகூடக் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கம்மலுக்கும் மாக்கும் ஊர்த் தச்சன் பெண்டாட்டிக்கும் என்ன கணக்கு? அவளும் என் அம்மா மாதிரி ஒரு வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவள்தான்.

அதே புத்தி இன்னும் போகவில்லை. 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தபோது, சீன உணவு விற்கும் ஹோட்டல்களை மூட வேண்டும் என்று ஒரு மத்திய அமைச்சரே பேசினார். மூடினால் பட்டினி கிடக்கப் போவது பெய்ஜிங்கா? சென்னை ஹோட்டல்களில் தட்டு எடுக்கிற மணிப்பூர், மிசோரம் பிள்ளைகளை இன்றைக்கும் "ஏய் சைனா" என்று கூப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அடுத்தவரை மட்டும் சொல்வானேன். ஏழாம் வகுப்பில் கண் கொஞ்சம் இடுங்கிய ஒரு பெண்ணை வகுப்பே 'சீனாக்காரி' என்று கூப்பிட்டது. அடக்க வேண்டிய டீச்சர் நானும் சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். நேற்று அவளுக்குத் தனியாக எழுதினேன். "விடுங்க டீச்சர்" என்று பதில் போட்டாள். அவள் விட்டாலும் எனக்கு அது சரியாகிவிடவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் துறைமுகம் மட்டும்தான் சொந்தம் என்று நினைக்காதீர்கள். ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவே நடுவட்டம் இருக்கிறதே, அங்கே 1860-களில் மலேரியா மருந்துக்காகச் சின்கோனா மரம் வைத்தார்கள். அந்த வேலைக்கு மலாய்ப் பக்கத்திலிருந்து வந்த சீனக் கைதிகளைக் கொண்டுபோனார்கள். தண்டனை முடிந்தபின் சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காய்கறி பயிரிட்டார்கள். தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கைதிகள் இருந்த சிறை இன்று பார்வைக்கு இருக்கிறது. கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டு முறை உங்களை ஊட்டி கூட்டிப் போயிருக்கிறேன். தொட்டபெட்டா காட்டினேன், தாவரவியல் பூங்கா காட்டினேன். இதைத் தாண்டித்தான் பஸ் போயிருக்கும்.

தாங்ராவுக்குத் திரும்புகிறேன். பணம் கொடுக்கும்போது அந்த அம்மா எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் போகும் வழியில் மெட்ராஸில் இறங்குவோம், துறைமுகத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அவர் பேரனின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

கோரமண்டலில் வந்து மாலையில் சென்ட்ரலில் இறங்கினோம். இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். நடுவே இருந்த நேரத்தில் மூட்டைகளைச் சாமான் அறையில் போட்டுவிட்டு இரண்டு ஆட்டோ பிடித்து ராஜாஜி சாலைக்குப் போனோம். நான்கு கிழவிகள் துறைமுகம் பார்க்க வந்திருப்பதை ஆட்டோக்காரத் தம்பியால் நம்ப முடியவில்லை. "மெரினா போங்கம்மா, காத்து நல்லா வரும்" என்றார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இறக்கிவிட்டார். நீளமான மதில். வாசலில் காவல். உள்ளே விட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். பாஸ் வேண்டும் என்றார்கள். தென்காசிக்காரி மதிலுக்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் தூத்துக்குடிக்காரி போனில் படம் எடுத்தாள். மதில், அதற்கு மேலே இரண்டு கிரேன், வரிசையாக லாரிகள். அவ்வளவுதான் விழுந்தது. அதையே அனுப்பினோம்.

ரயில் தாம்பரம் தாண்டும்போது அந்தப் பேரனிடமிருந்து பதில் வந்தது. "நன்றி. பாட்டி பார்த்தார். கடல் எங்கே என்று கேட்கிறார்."

சென்னையில் இருக்கிற என் மாணவர்களில் துறைமுகத்துக்குள் வேலையாகப் போய்வருகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படம் எடுக்க அனுமதி உள்ள இடமாகப் பார்த்து, கப்பல் நிற்கிற கரையும் கடலும் தெரிகிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். உள்பெட்டியில் அனுப்பினால் போதும்.